வெறும் வண்டியின் எடை

வாங்கிய புத்தகத்தை நான் படிப்பதில்லை.
வாங்கியாயிற்று, எங்கே போய்விடும் என்று
அரிசி டின்னுக்குப் பின்னால் நிறுத்திவிடுவேன்.
இரவல் புத்தகம்தான் விரட்டும்.
பதினாலு நாள். பிந்தினால் நாளுக்குப் பத்துக் காசு.
குழம்பு கொதிக்கும்வரை ஒரு பக்கம்,
குளியலறைக்கு வெளியே மகன் கத்தக் கத்த
ஓர் அத்தியாயம்.

பகாவ் சாலை செம்பனை ஆலையில்
எடைமேடை எனக்கு.
லோரி ஏறும், எழுதுவேன்.
குலைகளைக் கொட்டிவிட்டு வரும், மறுபடி எழுதுவேன்.
கழித்தால் வருவது சரக்கு.
இரண்டு லோரிக்கு நடுவே
இழுப்பறையை இரண்டு விரல் திறந்துவைத்து
நாலு வரி.

நூலகத்தில் தமிழுக்கு ஒரே அலமாரி.
கீழ்த்தட்டு வெள்ளத்தில் ஊறிப்போனது,
ஆகவே இரண்டரைத் தட்டு.
எதை எடுத்தாலும் எனக்கு முன் ஒருவர் படித்திருப்பார்.
ஓரத்தில் பென்சில் எழுத்து:
'இவள் ஏன் திரும்பிப் போகவேண்டும்?'
'ஆறாம் பக்கத்தில் செத்தவர்
இங்கே கோப்பி குடிக்கிறார்.'
பொதுச் சொத்தில் கிறுக்குகிறாரே என்று கோபம் வரும்.
போகப்போக, கதையை விட்டுவிட்டு
பென்சிலைத் தேடியே பக்கம் புரட்டினேன்.
ஒரே ஒரு முறை
'அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை' என்று கீழே எழுதி
சட்டென்று அழித்தேன்.
தடம் நின்றுவிட்டது.

மார்ச்சில் புவான் நோராய்னி சொன்னார்:
பழையதைக் கழிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு,
சனிக்கிழமை விற்பனை, ஒன்று ஒரு வெள்ளி.
கேஸ் தோம்புக்கு வைத்திருந்த முப்பதை எடுத்துக்கொண்டு
வேலை முடிந்து, பஸ் பிடித்து, போய்ச்சேர மணி மூன்று.
அலமாரி முழுக்கத் தூசி,
புத்தகங்கள் நின்ற இடம் மட்டும் சுத்தமாக.
"காலையிலேயே ஒருவர் அள்ளிக்கொண்டு போய்விட்டார்."
மிச்சம் என் கைப்பையில் இருந்ததுதான்,
மூன்று பாக நாவலில் நடுப் பாகம், திங்களன்று கெடு.
"ஒரு வெள்ளி கொடு, உன்னுடையது."
கொடுத்தேன்.
அன்றே அது அரிசி டின்னுக்குப் பின்னால் போனது,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டோடு.

திங்கள் ஒன்பதே கால்.
சூசைநாதன் லோரி, வெறும் வண்டி
ஐயாயிரத்து நானூற்று இருபது, ஆறு வருடமாக.
இன்றைக்கு நாற்பது கூட.
கூடினால் நஷ்டம் அவருக்குத்தான்,
எந்தத் திருடனும் இப்படித் திருடமாட்டான்.
குலை ஏதும் ஒட்டிக்கிடக்கிறதா என்று பின்னால் ஏறிப் பார்த்தேன்.
இல்லை.
ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில்
மூன்று மைலோ பெட்டி.
மேலாக இருந்ததில் நூலக முத்திரை.
அவர் காதில் எப்போதும்போல் பென்சில்.
சீட்டில் கையெழுத்துப் போடத்தான் என்று
ஆறு வருடம் நினைத்திருந்தேன்.

"இதை வீட்டில் இறக்கினால்
வீட்டுக்காரி என்னை இறக்கிவிடுவாள், அதான்" என்றார்.
பிறகு அவராகவே:
"எல்லாம் கிடைத்தது. நடுப் பாகம் ஒன்றுதான் இல்லை.
எந்தப் பாவி எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லையோ."
பின்னால் நாலு லோரி ஹாரன் அடித்தது.
பாவி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

அன்றிரவு அரிசி டின்னை நகர்த்தினேன்.
நாளை கைமாறவேண்டும் என்றதும்
நூற்றுப் பன்னிரண்டிலிருந்து கடைசிவரை
ஒரே ஓட்டம்.
இருநூற்று நாலாம் பக்கத்தில் அவர் கேட்டிருந்ததற்கு
பதில் எழுதினேன், பேனாவில்.

மறுநாள் எடைச்சீட்டோடு புத்தகத்தையும் நீட்டினேன்.
அவர் எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பெட்டியைத் துழாவி முதல் பாகத்தை எடுத்தார்.
"எத்தனை நாள்?"
"பதினாலு."
"பிந்தினால்?"
அடுத்த லோரி ஏறிவிட்டது,
பதில் சொல்ல நேரமில்லை.

எங்கள் எடைமேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும்.
ஒரு புத்தகம் ஏறியதும் இறங்கியதும்
கணக்கில் வராது.